பழைய ரேஸ் சைக்கிளை ஒற்றைக் கியருக்கு மாற்றுதல்: நீலகிரியில் ஓட்டுபவர்களுக்கான கேள்வி பதில்கள்

ஆட்டுக்கொம்பு போலக் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும், மெல்லிய டயரும், பின்னால் ஐந்தோ ஆறோ பல்சக்கரங்களும் கொண்ட பழைய சைக்கிளைத்தான் இங்கே ரேஸ் சைக்கிள் என்று குறிப்பிடுகிறேன். அத்தகைய சைக்கிள் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, கியர் மாற்றும் கருவிகளை நீக்கி, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டே பல்சக்கரங்களுடன் ஓட்ட விரும்புகிறவர்கள் குன்னூர், உதகை, கோத்தகிரி வட்டாரங்களில் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் அளித்திருக்கிறேன். சமவெளிக்காக எழுதப்பட்ட ஆலோசனைகளை மலையில் அப்படியே பின்பற்றினால் இரண்டு இடங்களில் தவறிவிடும்: ஒன்று பல் எண்ணிக்கை, மற்றொன்று பிரேக். ஆகவே அவ்விரண்டையும் விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

மலையூரில் வாழ்பவர் கியரை எடுத்துவிடுவது சரிதானா?

எந்தச் சாலையில் ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும் உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இரண்டுக்கும் இடையே சாலைவழித் தொலைவு 18 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் என்பதால், சராசரி ஏற்றம் நூற்றுக்கு இரண்டை ஒட்டியே வருகிறது. இடையிடையே செங்குத்தான துண்டுகள் இருந்தாலும், சரியான பல் எண்ணிக்கையுடன் இந்தச் சாலையை ஒற்றைக் கியரில் ஓட்ட முடியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுவது முற்றிலும் வேறு விஷயம். அங்கே 35 கிலோமீட்டருக்குள் சுமார் 1,500 மீட்டர் ஏற வேண்டும். 1899இல் குன்னூர் வரை வந்த மலை ரயிலுக்கே கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் பட்டை தேவைப்பட்டது. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் வெறும் இரும்புச் சக்கரத்தின் பிடிப்பு போதவில்லை. அந்த மலைச்சாலையை அடிக்கடி ஏற விரும்புகிறவர், அல்லது 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையை நினைத்துக்கொண்டிருப்பவர், கியரை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஊருக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வரை அன்றாடம் ஓட்டுபவர், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கத் தயங்காதவர், மிகச் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளுவதைக் குறையாக நினைக்காதவர் ஆகியோருக்கு ஒற்றைக் கியர் நன்றாகவே பொருந்தும். இதற்கு அழகியலைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. இந்த வகைப் பழைய, விலை குறைந்த சைக்கிள்களில் கியர் மாற்றும் கருவி பெரும்பாலும் ஏற்கெனவே செயலிழந்திருக்கும். கேபிள் துருப்பிடித்து உறைக்குள் ஒட்டியிருக்கும், செயினை இழுத்துப் பிடிக்கும் சிறு சக்கரங்கள் இறுகியிருக்கும், ஐந்து பல்சக்கரங்கள் கொண்ட ஃப்ரீவீலுக்கு, அதாவது மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியே சுற்றவிடும் பின் பல்சக்கரத் தொகுதிக்கு, மாற்றுப் பொருள் கிடைப்பதும் அரிது. அதைப் பழுதுபார்க்கும் செலவைவிட, அதை நீக்கி அந்தப் பணத்தை நல்ல சக்கரத்திலும் பிரேக்கிலும் போடுவது நியாயமானது.

எந்தச் சைக்கிளை மாற்றலாம்? எதைத் தொடக் கூடாது?

இரும்பு ஃபிரேம் கொண்ட, பெயரளவில் மட்டும் ரேஸ் சைக்கிளாக விற்கப்பட்ட, இப்போது பழைய இரும்புக் கடையின் வாசல் வரை வந்துவிட்ட சைக்கிளே இதற்கு ஏற்றது. ஹீரோ, அட்லஸ், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் பெயர்களில் வந்த வளைந்த கைப்பிடிச் சைக்கிள்களும், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து பங்களா ஒன்றின் கிடங்கில் விட்டுச்சென்ற சைக்கிள்களும் இவ்வகையில் அடங்கும். உயர்தரக் குழாயில் செய்யப்பட்டு, எல்லாப் பாகங்களும் மூலப் பொருளாகவே இருந்து, ஓடும் நிலையிலும் உள்ள சைக்கிளை மாற்ற வேண்டாம்; அதைப் பழுதுபார்த்து அப்படியே ஓட்டுங்கள். எதை மாற்றினாலும் ஃபிரேமை அறுக்கவோ அதிலுள்ள கேபிள் தாங்கிகளைத் தேய்த்து எடுக்கவோ கூடாது. கழற்றிய பாகங்களைத் துடைத்து, எண்ணெய் பூசி, ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்து வாங்குபவருக்குக் கியர் வேண்டியிருக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஃபிரேமில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் முன்பக்கம் மோதியதா என்று பாருங்கள். கைப்பிடித் தண்டு செல்லும் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல்குழாயிலும் கீழ்க்குழாயிலும் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினால், வளைந்த ஃபிரேமில் மெல்லிய மேடோ பெயிண்ட் சுருக்கமோ தட்டுப்படும். அப்படி இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். இறக்கத்தில் வேகமாக வரும்போது முறியக்கூடிய இடம் அதுதான்.

அடுத்து நூல் சோதனை. பின் ஆக்சில் உட்காரும் இடத்தின் இடப்பக்கத்தில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, வலப்பக்கத்தில் அதே இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் பின்பக்கம் கோணியிருக்கிறது.

மூன்றாவது, துரு. நம் மலையில் ஆண்டின் பெரும்பகுதி ஈரம்தான். கூடலூர், உதகைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் ஃபிரேமுக்குள் இறங்கும் தண்ணீர், மிதிக்கட்டை அச்சு இருக்கும் கீழ்க்கூட்டில்தான் தேங்கும். அச்சைக் கழற்றி உள்ளே பார்க்க விற்பவர் சம்மதித்தால் நல்லது. சம்மதிக்காவிட்டால், கூட்டின் அடிப்பகுதியைச் சாவியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஆரோக்கியமான இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்துப்போனது மந்தமாகக் கேட்கும். சீட் தண்டும் கைப்பிடித் தண்டும் அசைகின்றனவா என்பதையும் சோதியுங்கள். அலுமினியத் தண்டு இரும்புக் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதை எடுப்பது மொத்த வேலையைவிடக் கடினமாகிவிடும்.

பின் ஆக்சில் காடியைப் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

கியர் சைக்கிளில் செயினின் தொய்வை டீரெய்லர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி, தானே இழுத்து வைத்துக்கொள்ளும். அதை நீக்கிய பின், சக்கரத்தைப் பின்னால் இழுத்துத்தான் செயினை இறுக்க முடியும். பழைய ரேஸ் சைக்கிள்களில் ஆக்சில் உட்காரும் காடி கிடையாகவோ சற்றுச் சாய்ந்தோ நீண்டிருக்கும் என்பதால் இது எளிது. பிற்காலத்துச் சைக்கிள்களில் காடி மேலிருந்து கீழாகச் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கும். சக்கரத்தை முன்பின் நகர்த்த இடமே இராது. செங்குத்துக் காடிக்குத் தனியாகச் செயின் இழுவை பொருத்தலாம். ஆனால் எழுந்து நின்று முழு எடையையும் போட்டு மிதிக்கும் மலைச்சாலையில் மலிவான இழுவையை நான் நம்ப மாட்டேன். கிடைக்காடி உள்ள சைக்கிளாகத் தேடி வாங்குங்கள்.

முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் வைக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இது. முன் பல்லின் எண்ணிக்கையைப் பின் பல்லின் எண்ணிக்கையால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், மிதிக்கட்டை ஒரு முறை சுற்றும்போது சைக்கிள் எவ்வளவு தூரம் போகும் என்பது கிடைக்கும். 700×28 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.14 மீட்டர். முன்னால் 42, பின்னால் 18 என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 5 மீட்டர். முன்னால் 36, பின்னால் 20 என்றால் 3.85 மீட்டர்.

இந்த வேறுபாடு காலில் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். ஓட்டுபவரும் சைக்கிளுமாக 80 கிலோ இருக்கட்டும், ஏற்றம் மலை ரயில் பாதையைப் போலப் பன்னிரண்டுக்கு ஒன்று இருக்கட்டும், மிதிக்கட்டைக் கையின் நீளம் 170 மில்லிமீட்டராக இருக்கட்டும். 42க்கு 18 வைத்தவர் மிதிக்கட்டையில் சுற்று முழுவதும் சராசரியாக 33 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றின் உச்சியிலும் அடியிலும் கால் இருக்கும்போது விசை குறைவதால், நடுப்பகுதியில் அது இன்னும் பல கிலோ கூடும். 36க்கு 20 வைத்தவருக்குச் சராசரி 26 கிலோ போதும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் முன்னவரின் கால் நிமிடத்துக்கு 27 முறையும் பின்னவரின் கால் 35 முறையும் சுற்றும். இரண்டுமே மெதுவானவைதான், ஆயினும் 27 என்பது முழங்காலை வருத்தும் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

சமவெளியில் 42க்கு 16, 44க்கு 18 போன்றவை வழக்கம். கோவையில் வாங்கிய ஒற்றைக் கியர் சைக்கிளை அப்படியே குன்னூருக்குக் கொண்டுவருபவர்கள், பேருந்து நிலையத்திலிருந்து பெட்ஃபோர்டு வரை ஏறுவதற்குள் இதன் பொருளை உணர்ந்துவிடுவார்கள். குன்னூர், கோத்தகிரி நகரங்களுக்குள் ஓட்டுபவர்களுக்கு முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் 1.7 முதல் 1.9 வரை வருமாறு அமைப்பதையே பரிந்துரைக்கிறேன்: 36க்கு 20, 38க்கு 22, 42க்கு 22 எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கும். உதகையில் ஏரியைச் சுற்றியும் சேரிங் கிராஸ் பக்கமும் மட்டும் ஓட்டுபவர் 2.1 வரை போகலாம்.

இவ்வளவு சிறிய கியரில் சமதளத்தில் வேகம் போகாதே என்பார்கள். 36க்கு 20 வைத்து நிமிடத்துக்கு 85 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டி வரும். நம் ஊரில் அதைவிட வேகமாக மிதித்துப் போகும் அளவுக்குச் சமதளம் எங்கே இருக்கிறது? இறக்கத்தில் எப்படியும் மிதிக்கப் போவதில்லை.

எனக்குப் பொருந்தும் பல் எண்ணிக்கையை மாற்றுவதற்கு முன்பே அறிய முடியுமா?

முடியும், இதற்குச் செலவும் இல்லை. சைக்கிளின் கியர் ஓரளவேனும் வேலை செய்தால், எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு பல் இணையைத் தேர்ந்தெடுத்து, கியர் நெம்புகோலைத் தொடாமல், உங்கள் வழக்கமான பாதைகளில் இரண்டு வாரம் ஓட்டுங்கள். மிகச் செங்குத்தான இடத்தில் நின்று மிதித்தும் சைக்கிள் நகரவில்லையானால் அடுத்த பெரிய பின் பல்லுக்கு மாறுங்கள். முடிவான இணையின் பற்களை எண்ணிக் குறித்துக்கொண்டு அதையே வாங்குங்கள். முழங்காலின் முன்பக்கத்தில் வலி தொடங்கினால் பல் எண்ணிக்கையை மாற்றுங்கள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று பொறுக்க வேண்டாம்.

பிரேக்கில் என்ன மாற்ற வேண்டும்?

பணம் குறைவாக இருந்து, ஒரே ஒரு பாகத்தை மட்டும் புதிதாக வாங்க முடியுமென்றால், நான் ரிம்மைத்தான் வாங்கச் சொல்வேன். விலை குறைந்த பழைய ரேஸ் சைக்கிள்களில் குரோம் பூசிய இரும்பு ரிம் இருக்கும். உலர்ந்த நாளில் அது ஓரளவு நிற்கும். மழையில் நனைந்த குரோமின் மீது ரப்பர் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். நெம்புகோலை முழு வலிமையோடு அழுத்தினாலும் சைக்கிள் போய்க்கொண்டே இருக்கும். ஆண்டில் பல மாதங்கள் சாலை நனைந்தே இருக்கும் ஊரில், சாரலும் மூடுபனியும் ரிம்மை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும் ஊரில், இரும்பு ரிம்முடன் இறக்கத்தில் செல்வதை என்னால் யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. அலுமினிய ரிம்முக்கு மாறினால் ஈரத்திலும் பிரேக் பிடிக்கும், எடையும் குறையும். முன் சக்கரத்தையாவது முதலில் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் இறக்கத்தில் சைக்கிளை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது.

இரண்டாவது செலவு பிரேக் கட்டையும் கேபிளும். பழைய கட்டை கல்லாக இறுகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் சிறிதும் பதியாத கட்டையைத் தூக்கி எறியுங்கள். கேபிளை உறையோடு சேர்த்தே மாற்றுங்கள். பழைய சைக்கிள்கள் பலவற்றில், கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடித்தபடியே அழுத்துவதற்கென்று கூடுதலாக ஒரு நீள நெம்புகோல் பொருத்தப்பட்டிருக்கும். அது முழு விசையைக் கேபிளுக்குக் கொடுக்காமல் பாதியிலேயே கைப்பிடியில் முட்டி நின்றுவிடும். அதைக் கழற்றிவிட்டு முதன்மை நெம்புகோலை மட்டும் பயன்படுத்துங்கள்.

முன், பின் இரண்டு பிரேக்குகளும் கட்டாயம் இருக்க வேண்டும். தோற்றத்துக்காக ஒன்றை நீக்கிவிட்டு ஓட்டுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்; மலைச்சாலையில் அதற்கு இடமில்லை. ஒரு கேபிள் அறுந்தால் மற்றொன்று உங்களைக் காப்பாற்ற வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் அழுத்தியபடியே வந்தால் ரிம் சூடேறும், உள்ளே டியூபின் பஞ்சர் ஒட்டு இளகும். விட்டுவிட்டு அழுத்துங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்துங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் லாரிகள் சிந்திய டீசலும் விழுந்து ஊறிய இலைகளும் கிடக்கும். வளைவில் சாய்ந்திருக்கும்போது அவற்றின் மீது பிரேக் பிடித்தால் மெல்லிய டயர் பக்கவாட்டில் வழுக்கிவிடும். மாலை நேரத்தில் தேயிலைச் சரிவுகளிலிருந்து காட்டெருமை சாலைக்கு இறங்கும் ஊர் இது. வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாத இடத்தில், தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிந்த வேகமே சரியான வேகம்.

சக்கர அளவுகள் குழப்பமாக உள்ளன. எதை வாங்குவது?

டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்ட மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள். பழைய ரேஸ் சைக்கிளின் 27 அங்குல ரிம் 630. இன்றைய 700சி ரிம் 622. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28×1½ ரிம் 635. பெயரும் தோற்றமும் நெருங்கியிருந்தாலும் ஒன்றின் டயர் மற்றொன்றில் உட்காராது. இன்று 700சி டயரும் டியூபும் எளிதாகக் கிடைப்பதால், ரிம்மை மாற்றும்போது அதற்கே மாறிவிடுவது நல்லது. விட்டத்தில் 8 மில்லிமீட்டர் குறைவதால் பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். வாங்குவதற்கு முன், கட்டை நகரும் காடியில் அவ்வளவு இடம் மீதமிருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். 28 மில்லிமீட்டர் அகல டயரைவிட, ஃபிரேமில் இடமிருந்தால், 32 நம் சாலைகளுக்கு இன்னும் நல்லது.

பழைய ஃப்ரீவீலை எப்படிக் கழற்றுவது?

ஃப்ரீவீலின் உள்விளிம்பில் இரண்டு பிளவோ, நான்கு பிளவோ, சுற்றிலும் சிறு பற்களோ இருக்கும். அதற்குச் சரியாகப் பொருந்தும் கழற்றி தேவை. ஏறக்குறைய பொருந்துவது போதாது. முந்திய நாளே மரைக்குள் துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். கழற்றியைப் பொருத்தி, அது வெளியே நழுவாதபடி ஆக்சில் நட்டை அதன் மீது லேசாகப் போட்டு, கழற்றியை வைஸில் இறுகக் கடிக்கவிட்டு, சக்கரத்தையே ஒரு பெரிய ஸ்டீயரிங்கைத் திருப்புவதைப் போல இடப்பக்கமாகத் திருப்புங்கள். மரை விட்டவுடன் நட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கழற்றி உடையும். சக்கரத்தை உடைத்து ரிம்மை மாற்றப் போகிறீர்கள் என்றால், ஸ்போக்ஸ் கம்பிகளைக் கழற்றுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். ரிம் இல்லாமல் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, மட்டும் வைத்துக்கொண்டு ஃப்ரீவீலைத் திருப்பப் பிடிமானம் இராது. கருவிகள் இல்லாதவர்கள் சக்கரத்தை மட்டும் கடைக்குக் கொண்டுபோகலாம். பழக்கப்பட்ட மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை.

புதிய ஒற்றை ஃப்ரீவீலைப் போடும்போது மரையில் தாராளமாகக் கிரீஸ் தடவுங்கள். மிதிக்க மிதிக்க அது தானாக இறுகும். நம் ஏற்றங்களில் அது இறுகும் அளவுக்கு, கிரீஸ் இல்லாமல் போட்டதைப் பிறகு எவராலும் கழற்ற முடியாது.

செயின் நேர்கோட்டில் வர என்ன செய்வது?

முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒற்றை ஃப்ரீவீல் ஹப்பை ஒட்டி உட்காருவதால், அது பெரும்பாலும் முன்பக்கத்தின் உள் பல்சக்கரத்துக்கே நேராக வரும். அந்த உள் பல்சக்கரம் சிறியது என்பதால் மலைக்கும் அதுவே ஏற்றது. வெளியிலுள்ள 52 பல் சக்கரத்தைக் கழற்றிவிடலாம். பல்சக்கரங்களைப் போல்ட் போட்டுச் சேர்த்த கிராங்கில் (மிதிக்கட்டைக் கையில்) கழற்றிய பின் குட்டை போல்ட்டோ வாஷரோ தேவைப்படும். விலை குறைந்த சைக்கிள்களில் பல்சக்கரங்கள் கிராங்குடன் ஆணியடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும். அப்போது கிராங்கை முழுதாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. மிதிக்கட்டையைக் கழற்றும்போது இடப்பக்க மிதிக்கட்டையின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

இதில் கிடைக்கும் ஒரு நன்மையைப் பலர் தவறவிடுகிறார்கள். ஐந்து பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காகப் பின் சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிகள் ஏறத்தாழ நிமிர்ந்து, இடப்பக்கத்தைவிட மிக அதிக இறுக்கத்தில் இருக்கும். ஒற்றைப் பல்லுக்கு மாறிய பின் ஆக்சிலின் வலப்பக்கத்திலுள்ள இடைவெளி வளையங்களில் சிலவற்றை இடப்பக்கத்துக்கு மாற்றி, ரிம்மை மீண்டும் ஃபிரேமின் நடுவுக்குக் கொண்டுவந்து கோட்டம் எடுத்தால், இரு பக்கக் கம்பிகளின் இறுக்கமும் நெருங்கிவரும். குழிகள் நிறைந்த சாலையில் கம்பி அறுவது வெகுவாகக் குறையும். புதிய சக்கரம் வாங்கினால் அதன் ஆக்சில் அகலத்தைக் கவனியுங்கள்: ஐந்து கியர் ஃபிரேமின் பின் இடைவெளி பொதுவாக 120 மில்லிமீட்டர், ஆறு ஏழு கியருக்கு 126. இடைவெளி மிஞ்சினால் இருபுறமும் சமமாக வாஷர் போடுங்கள். நட்டை இறுக்கி ஃபிரேமை நெருக்க வேண்டாம்.

பழைய செயினையே பயன்படுத்தலாமா?

ஒரு அடி அளவுகோலை வைத்துப் பாருங்கள். செயினின் ஆணிக்கும் ஆணிக்கும் இடையே அரை அங்குலம் என்பதால் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். புதிய செயின் அவற்றில் ஏற்றத்தின் நடுவே துள்ளும். நின்று மிதிக்கும்போது செயின் துள்ளினால் முகம் கைப்பிடியில் மோதும் என்பதால் இதில் சிக்கனம் வேண்டாம். ஒற்றைக் கியருக்கான அகலச் செயின், கியர் சைக்கிளின் மெல்லிய பல்சக்கரத்திலும் ஓடும்; மெல்லிய செயின் தடித்த பல்சக்கரத்தில் உட்காராது. கிளிப் வைத்த இணைப்புக் கண்ணியில், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.

ஃப்ரீவீல் இல்லாத நிலைப்பல் சைக்கிளாக மாற்றலாமா?

வேண்டாம். நிலைப்பல்லில் சக்கரம் சுற்றும் வரை மிதிக்கட்டையும் சுற்றிக்கொண்டே இருக்கும். 36க்கு 20 வைத்துக்கொண்டு இறக்கத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்தால் கால் நிமிடத்துக்கு 170 முறைக்கு மேல் சுற்ற வேண்டும். வளைவில் சாயும்போது மிதிக்கட்டை தரையில் இடிக்கும் ஆபத்தும் உண்டு.

ஒன்றுக்குப் பதில் இரண்டு பின் பல்சக்கரங்கள் வைத்துக்கொள்ள வழி உண்டா?

உண்டு, நான் இதை விரும்பிப் பரிந்துரைக்கிறேன். இரு பக்கமும் மரை வெட்டிய ஹப்பில் ஒரு பக்கம் 18, மறுபக்கம் 22 என்று இரண்டு ஃப்ரீவீல்களைப் போட்டு, தேவைக்கேற்பச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டலாம். ஒரு பல் வேறுபாட்டுக்கு ஆக்சில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நகரும். நான்கு பல்லுக்கு 13 மில்லிமீட்டர் போதும். கிடைக்காடியில் பெரும்பாலும் அவ்வளவு இடம் இருக்கும். பின் பிரேக் கட்டையின் உயரத்தை இரண்டு நிலைகளிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காடி சாய்வாக இருந்தால் ரிம் சற்று மேலே கீழே போகும்.

எவ்வளவு செலவாகும்?

ஒற்றை ஃப்ரீவீல், செயின், கேபிள், பிரேக் கட்டை எல்லாம் தனித்தனியே சில நூறு ரூபாய்ப் பொருள்கள். அலுமினிய ரிம்முடன் இரண்டு சக்கரங்களும் டயர்களும் வாங்கினால்தான் ஆயிரங்களில் போகும். வண்ணம் பூசுவதையும் கைப்பிடிக்குப் புதிய நாடா சுற்றுவதையும் எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். கோவைக்குப் போகும்போது மொத்தமாக வாங்கிவர விரும்புகிறவர்கள் பழைய ஃப்ரீவீலையும் பழைய செயினையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கினால் இரண்டாவது பயணம் மிச்சமாகும்.

மழைக்காலப் பராமரிப்பு என்ன?

நனைந்து வந்த அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஃபிரேமின் கீழ்க்கூட்டில் தண்ணீர் வடியச் சிறு துளை இருந்தால் அது அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரேமைப் பிரித்திருக்கும்போதே குழாய்களுக்குள் பெயிண்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய லின்சீட் எண்ணெயை ஊற்றிச் சுழற்றி, மீதியை வடித்து, சில நாள் உலரவிட்டால் உட்புறத்தில் ஒரு காப்புப் படலம் உருவாகும். எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துங்கள். சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். சீட் தண்டிலும் கைப்பிடித் தண்டிலும் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். மூடுபனி இருந்தால் சைக்கிளின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் பகலிலும் எரியட்டும்.

மாற்றி முடித்த பின் முதல் சில நாட்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் ஏற்றத்திலேயே ஃப்ரீவீல் மரையில் இன்னும் உள்ளே இறுகும், புதிய செயின் சற்று நீளும், கேபிள் தளரும். ஆகவே முதல் ஓட்டம் முடிந்ததும் செயின் தொய்வைப் பாருங்கள். நடுப்பகுதியில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் அசைய வேண்டும். கிராங்கைச் சுழற்றி, எல்லா நிலையிலும் பாருங்கள். பல்சக்கரம் முழு வட்டமாக இல்லாவிட்டால் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்தை வைத்தே தொய்வை அமையுங்கள். கோட்டர் பின், அதாவது கிராங்கை அச்சில் பிடித்துவைக்கும் ஆப்பு ஆணி, போட்ட கிராங்காக இருந்தால் அதன் நட்டையும் மறுபடி முடுக்க வேண்டும்.

மலையில் அடிக்கடி நேரும் ஒரு கோளாறு, நின்று மிதிக்கும் விசையில் ஆக்சிலின் வலப்பக்கம் காடிக்குள் முன்னோக்கி நழுவுவது. அப்போது பின் டயர் இடப்பக்கக் குழாயில் உரசத் தொடங்கும். காடியின் முகப்பிலுள்ள பெயிண்டைச் சுரண்டி எடுத்து, பல் வெட்டிய வாஷர் போட்டு, நீளக் கைப்பிடி ஸ்பேனரால் நட்டை முடுக்குங்கள். அதன் பிறகும் நழுவினால், ஆக்சிலைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் செயின் அட்ஜஸ்டரை வலப்பக்கம் மட்டும் பொருத்தினால் போதும். அந்த நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர் ஒன்றைச் சீட்டுக்கு அடியில் எப்போதும் கட்டி வைத்திருங்கள். பஞ்சரானாலும் அது இல்லாமல் பின் சக்கரத்தைக் கழற்ற முடியாது.